கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொன்சிப்பி

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பூட்டு அண்ணன் என்றால்தான் யாருக்கும் தெரியும். கதவைப் பூட்டினால் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி நடப்பார், நிற்பார், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அதன் பிறகும் மனசு ஆறாமல் சாவியை முகர்ந்து பார்ப்பார் என்று அவருடைய மனைவி சொல்லுவாள். அது மட்டும் பொய்.

மனைவி தையல்காரி. வாயும் கத்திரிக்கோலும் ஒரே வேகத்தில் ஓடும். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க அப்பாகிட்ட, காட்டுறது இந்தப் பொண்ணு, கட்டிக் குடுக்கறதும் இதே பொண்ணுதானேன்னு கேட்ட மனுஷன்" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கடிகாரக்கடைக்காரர் நல்ல முள்ளைக் கழற்றிக்கொண்டு மட்டமான முள்ளைப் போடுகிறார், மருத்துவர் ஒரு நாளில் தீரும் காய்ச்சலை ஒரு வாரத்துக்கு இழுக்கிறார் என்பதெல்லாம் அவர் மனதில் கல்வெட்டு. பாதிப் பேர் விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதுதான் சிக்கல். ஒரு தரமாவது மூக்குடைபட்டிருந்தால் குணம் மாறியிருக்கும்.

பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்த காலத்தில் ஒட்டிய குணம் அது. தூங்குவது போல் நடிக்கிறவன், பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்கிற தாய், நேற்றைய சீட்டை இன்றைக்கும் நீட்டுகிறவன் என்று மனிதர்களின் முதுகுப் பக்கத்தையே பார்த்துப் பழகியவர். முழங்கால் தேய்ந்து, ஓடும் வண்டியில் நிற்க முடியாமல் போனதும், மலையடிவாரத்து மாதா ஆலயத்தில் காவல் வேலைக்கு வந்தார். அப்படி ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார் பாதிரியார்.

தேடியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆலயம் யாத்திரை ஸ்தலம். பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் நடந்து வருவார்கள். வந்தவர்கள் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி மாதாவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பீடத்துக்கு இடது பக்கச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலப் பட்டுத் துணியின் மேல் சிலுவைகள், மாதா உருவம் பொறித்த சுரூபங்கள், ஜெபமாலைகள், கல்யாண மோதிரங்கள். கண் நோய் தீர்ந்தவர் கொடுத்த வெள்ளிக் கண், கால் எழுந்தவர் கொடுத்த வெள்ளிக் கால், புயலில் தப்பிய மாலுமி கொடுத்த நங்கூரம். எல்லாவற்றையும்விட அதிகம் சிப்பிகள்தான். யாத்ரீகர்களின் அடையாளம் சிப்பி. பழைய நாளில் நடந்து வந்தவர்கள் வழியில் ஓடைத் தண்ணீரைச் சிப்பியால்தான் மொண்டு குடித்தார்களாம். பிறகு அதையே பொன்னிலும் வெள்ளியிலும் செய்து கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பெட்டிக்கு முன் நிற்கிறவர்களிடம் பூட்டு அண்ணன் ஒரு பிரசங்கமே செய்வார். "சிப்பி மேல கோடு கோடா இருக்குது பாத்தீங்களா? ஒவ்வொரு கோடும் ஒரு பாதை. எந்த ஊர்ல இருந்து கிளம்பினாலும் கடைசியில எல்லாம் ஒரே எடத்துல வந்து சேருது. அதுதான் யாத்திரை." சொல்லிக்கொண்டே கேட்பவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடியில் கை வைத்தால் பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த ஆண்டு வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு யாத்ரீகர் கூட்டத்தில் வந்த பெரியவர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பித்தளை மாதிரி இருக்கே. நல்லதை எல்லாம் யாரோ எடுத்துட்டு வேற மாட்டி வெச்சுட்டாங்க போல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது பூட்டு அண்ணன் காதில் விழுந்தது. தன்னையே ஒருவன் சந்தேகப்படுவதா? நேராகப் பாதிரியாரிடம் போனார். நகைகள் கறுத்துக் கிடக்கின்றன, மெருகு போட வேண்டும் என்றார். பாதிரியார் சம்மதித்தார். பின்தெருவிலிருந்த மெருகுக்காரரின் பட்டறைக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். வேலை முடியும்வரை பூட்டு அண்ணன் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மெருகுக்காரரின் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எனக்கு இப்படி ஒரு மாமியார் இருந்ததில்ல" என்றார் மெருகுக்காரர். திரும்பி வந்த நகைகள் பளபளவென்று கண்ணைப் பறித்தன.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாம்பல் நிறச் சால்வைக்காரி வந்தாள்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மெலிந்த தேகம். நடந்து வந்த செருப்பு. மற்றவர்கள் போல் பீடத்தின் முன் மண்டியிடாமல் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தாள். பெட்டியின் கீழ் வரிசையில், நங்கூரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பொன்சிப்பியைக் குனிந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டு அண்ணனின் பாதைப் பிரசங்கத்தை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாள் கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"ஜெபம் பண்றவ எதுக்குடி பூதக்கண்ணாடி கொண்டு வரணும்?" என்று வீட்டில் மனைவியிடம் கேட்டார்.

"மாதா அவ்வளவு தூரத்துல இருக்கறாங்களோ என்னவோ" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

"சிரிக்காத. அவ கண்ணு அந்தச் சின்னச் சிப்பி மேலயே இருக்குது. பெருசெல்லாம் விட்டுட்டு அது மேல மட்டும் ஏன்? காணாமப் போனாலும் யாருக்கும் தெரியாதுன்னு கணக்குப் போடறா."

"நீங்க திருடப் போனா நல்லாத் திருடுவீங்க" என்றாள் மனைவி.

ஆலயத்தைக் கூட்டுகிற அம்மா வந்து சொன்ன சேதிதான் அவரை உலுக்கிவிட்டது. "அண்ணே, அந்தச் சால்வைக்காரம்மா என்கிட்ட, இந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்குது, அந்த ஆளு வீடு எங்கேன்னு கேட்டாங்க. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அன்று மாலை கடைத்தெருவில் நடக்கும்போது முதுகில் ஏதோ ஊர்வது போலிருந்தது. செருப்புக் கடையின் கண்ணாடியில் பார்த்தார். பின்னால், கூட்டத்துக்கு நடுவில், சாம்பல் நிறச் சால்வை. மருந்துக்கடைக்குள் நுழைந்து தேவையில்லாமல் தலைவலி மாத்திரை வாங்கினார். வெளியே வந்தபோது அவள் எதிர்ச்சாரியில் நின்று சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள். அது கிழிந்துபோன சுவரொட்டி. படிக்க அதில் ஒன்றுமில்லை. அடகுக் கடைப் பக்கமாகத் திரும்பினார். அவளும் திரும்பினாள். அடகுக் கடையை அவர் தாண்டியதும் அவள் கடைவாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். விற்க இடம் பார்க்கிறாள், சந்தேகமே இல்லை என்று பூட்டு அண்ணன் முடிவு கட்டினார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் மதியம், ஆலயத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டுக்குள், பாதிரியார் உட்காரும் பக்கத்தில் நுழைந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். திரைச் சந்தில் பெட்டி நன்றாகத் தெரிந்தது. முழங்கால் வலித்தது. பொறுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சோடு மண்டியிடும் சத்தம் கேட்டது.

"சாமி, ஆசீர்வதியுங்க. நான் பெரிய பாவி" என்றது ஒரு கிழக்குரல்.

பூட்டு அண்ணன் சல்லடைப் பக்கம் குனிந்தார். "சாயங்காலம் வாங்க" என்று கிசுகிசுத்தார்.

"அதுக்குள்ள செத்துட்டா?"

"சாக மாட்டீங்க. எழுந்திரிங்க."

கிழவர் முனகிக்கொண்டே போனார். அவர் போன வழியிலேயே சால்வைக்காரி உள்ளே வந்தாள். இருபுறமும் பார்த்தாள். பெட்டிக்கு முன் குனிந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். இன்னொரு கையால் பெட்டியின் பூட்டைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தார் பூட்டு அண்ணன். பாய்ந்தார் என்பது அவர் பின்னால் சொன்னது. உண்மையில் மரத்துப்போன காலோடு தடுமாறி வந்து விழுந்தார். "எடுங்க கையை! என்ன பண்றீங்க?"

அவள் அதிர்ந்தாள். ஆனால் ஓடவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பூட்டை உடைச்ச தடம் இருக்கான்னு பாத்தேன்" என்றாள். "இல்ல. அப்போ சாவி வெச்சிருக்கற ஆளுதான் எடுத்திருக்கணும்."

"யாரு, நானா?"

"வேற யாரு? மூணு நாளா உங்களைத்தான் பாத்துட்டிருக்கேன். நான் இந்தப் பெட்டிகிட்ட வந்தா உங்க முகம் மாறுது. தெருவுல என்னைக் கண்டதும் மருந்துக்கடைக்குள்ள ஒளிஞ்சுக்கறீங்க. அடகுக் கடை வாசல்ல உங்க நடை வேகமாகுது. இப்போ பாத்தா சாமியார் கூண்டுல உக்காந்து நோட்டம் பாக்கறீங்க. மனசுல கள்ளம் இல்லாதவன் செய்யற வேலையா இது?"

பூட்டு அண்ணன் அடுத்தவர்களை எடை போடுகிற அதே தராசில் யாரோ அவரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். முள்ளும் சரியாகத்தான் நின்றது.

"என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டார். "ஒரு குண்டூசி கூடக் குறையலயே."

"அந்தச் சிப்பி" என்று கண்ணாடி வழியே காட்டினாள். "அது என் பையனோடது. இப்போ அங்கே இருக்கறது அது இல்ல."

பின் வரிசை மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பாதிரியார் சிப்பியால்தான் தலையில் தண்ணீர் ஊற்றினாராம். அதைப் பார்த்த அவள் கணவர் அதே போல் மெல்லிய பொன்தகட்டில் ஒரு சிப்பி செய்து பிள்ளைக்குப் போட்டார். பிள்ளைக்குப் பல் முளைக்கும் பருவம். கையில் கிடைத்ததையெல்லாம் வாய்க்குள் தள்ளினான். சிப்பியையும் கடித்துவிட்டான். "கோடெல்லாம் வந்து சேருதுன்னு சொல்றீங்களே, சரியா அந்த எடத்துல ரெண்டு சின்னக் குழி. அரிசி மாதிரிப் பல்லு. நான்கூட அவனைத் திட்டினேன்."

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் மாமியார் சிப்பியை எடுத்துக்கொண்டு இங்கே நடந்து வந்து, பேரன் பிழைக்க வேண்டும் என்று மாதாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை பிழைக்கவில்லை.

"திருப்பிக் கேட்டோம். காணிக்கை குடுத்தது குடுத்ததுதான், திரும்பப் போகாதுன்னு அப்போ இருந்த சாமியார் சொல்லிட்டாரு. அத்தையைக் குத்தம் சொல்ல முடியுமா? அவங்களும் அழுதுட்டேதான் செத்தாங்க. ஆனா அவன் இந்த உலகத்துல விட்டுட்டுப் போன தடம் அந்த ரெண்டு குழி மட்டும்தான். வருஷா வருஷம் கூட்டத்தோட கூட்டமா நடந்து வந்து அதைப் பாத்துட்டுப் போவேன். இந்த வருஷம் வந்தா வழவழன்னு இருக்குது."

பூட்டு அண்ணன் எழுந்து போய்ச் சிப்பியைப் பார்த்தார். "வளையம் மட்டும் வெள்ளி. உங்க சிப்பிக்கும் அப்படித்தானா?"

"ஆமா. தங்க வளையம் அறுந்துபோய் வெள்ளியில மாட்டினோம்."

"அப்போ இது அதுதானே?"

"கள்ளத்தனம் பண்றவன் வளையத்தையும் பாத்து அதே மாதிரிப் பண்ண மாட்டானா?"

அது தன் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை என்று பூட்டு அண்ணனுக்குத் தோன்றியது. மெருகுப் பட்டறையில் இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் இடையில் ஒரு தரம் பட்டறைக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கப் போனார். அந்த இடைவெளி இப்போது நினைவில் பூதாகாரமாக வளர்ந்தது. மெருகுக்காரரின் சிரிப்பு, அந்த மாமியார் பேச்சு, எல்லாமே கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தன.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. ஆனா இருட்டறதுக்குள்ள பெட்டிக்குத் திரும்பி வந்துடணும்" என்றார். பூட்டு அண்ணன் சிப்பியைக் கைக்குட்டையில் முடிந்து உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அவள் ஓரடி பின்னால், அந்தப் பாக்கெட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நடந்தாள். முன்னால் போகச் சொன்னார். மாட்டேன் என்றாள். தெருமுனையில் அவர் தும்மிவிட்டுப் பாக்கெட்டில் கைவிட்டபோது, "என்ன எடுக்கறீங்க?" என்றாள்.

மெருகுக்காரரின் பட்டறை ஒடுங்கிய அறை. சுழலும் சக்கரத்தில் செம்பொடி பூசிய துணி. அவருடைய மூக்கு நுனியிலும் அதே சிவப்பு. சிப்பியைப் பலகை மேல் வைத்து, "இது நான் கொண்டு வந்த சிப்பிதானா? உண்மையைச் சொல்லுங்க" என்றார் பூட்டு அண்ணன். அந்தக் குரலில்தான் ஒரு காலத்தில் பேருந்தில் சீட்டுக் கேட்பார்.

மெருகுக்காரர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உடனே முகம் மலர்ந்தது. "எலி கடிச்ச சிப்பி! இதை மறப்பேனா?"

சால்வைக்காரி பலகையருகே வந்து குனிந்தாள்.

"என்ன எலி?" என்றார் பூட்டு அண்ணன்.

"இங்கே, கோடு கூடற எடத்துல ரெண்டு குழி இருந்துச்சு. ஒண்ணு கொஞ்சம் ஆழம், ஒண்ணு மேலாப்ல. சின்ன எலி ஏதோ கடிச்சிருக்குன்னு நெனச்சேன். தகடு வேற ரொம்ப மெல்லிசு. அரக்குல பதிச்சு வெச்சு, பின்னாடி இருந்து தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்தேன். பாதி நாள் ஆச்சு." பூட்டு அண்ணனைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார். "நீங்கதானே பக்கத்துலயே உக்காந்து, ஒரு ஒடுக்கு ஒரு கீறல் இருக்கக் கூடாது, யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? என் கையைத்தான் பாத்துட்டிருந்தீங்க. கையில இருந்ததைப் பாக்கலயா?"

சக்கரம் சுற்றி நின்றது. திருடனைத் தேடித் தேடி அலைந்த பூட்டு அண்ணனேதான் களவு நடந்த இடத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர். யாரும் எதையும் எடுக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று போய்விட்டது.

"அம்மா" என்று அவள் பக்கம் திரும்பினார். "நான்தான் சொன்னேன். பித்தளை மாதிரி இருக்குதுன்னு ஒருத்தர் சொல்லிட்டாரேன்னு..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மெருகுக்காரரையே பார்த்தாள். "எந்தப் பக்கம் ஆழமா இருந்துச்சு?"

மெருகுக்காரர் கண்ணை மூடி விரலால் காற்றில் தடவினார். "இடது பக்கம். வலது பக்கம் லேசாத்தான்."

"முதல்ல இடது பக்கப் பல்லுதான் அவனுக்கு முளைச்சுது" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர்கூட மறந்துட்டாரு. அப்படி ஒரு தடமே இல்ல, நீயா கற்பனை பண்ணிக்கறேன்னு சொல்லுவாரு. நீங்க பாத்திருக்கீங்க."

விஷயம் புரிந்ததும் மெருகுக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். திரும்பவும் குழி போட்டுத் தரட்டுமா என்று தடுமாறிக் கேட்டார். அவள் தலையசைத்தாள். "வேண்டாங்க. அது உங்க குழியாத்தான் இருக்கும்."

திரும்பும் வழியில் அவள் பின்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தாள். பூட்டு அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அடகுக் கடைக்குள் ஏன் எட்டிப் பார்த்தாள்? நீங்கள் அங்கே கொண்டு போய் வைத்திருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் என்றாள். நியாயமான பதில் என்று அவருக்குப் பட்டது.

வீட்டில் அன்றைக்கு அவர் சாப்பிட உட்காரவில்லை. மனைவி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கதை முழுவதையும் கேட்டாள். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "நாளைக்குப் போய்ச் சாமியார்கிட்டப் பேசுங்க. திருப்பித்தான் குடுக்கக் கூடாது. கையில குடுக்கக் கூடாதுன்னு எங்கேயாவது சொல்லியிருக்கா?" என்றாள்.

மறுநாள் பாதிரியார் தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டார். பிறகு சம்மதித்தார். அன்றிலிருந்து, நேர்ந்து கொடுத்தவர்களோ அவர்களின் வீட்டாரோ வந்து கேட்டால் பெட்டியைத் திறந்து அந்தப் பொருளைச் சற்று நேரம் கையில் கொடுப்பது என்று ஆனது. பூட்டு அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தார். இனி எந்த நகைக்கும் மெருகு கிடையாது என்று சொல்லிவிட்டார். தேய்ந்த மோதிரம் தேய்ந்தபடி, கறுத்த சிலுவை கறுத்தபடி இருக்கட்டும். பித்தளை போலிருக்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "அப்படித்தான் இருக்கும்" என்பார். வேறு விளக்கம் சொல்ல மாட்டார். மெருகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர், பேச்சு வராமல் ஒரு தலைவலி மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

சந்தேகக் குணம் மட்டும் போகவில்லை. ஊறிப்போன குணத்தை மெருகு போட்டா எடுக்க முடியும்? பால்காரர் இன்னும் தண்ணீர்தான் கலந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு சால்வைக்காரி மறுபடியும் நடந்து வந்தாள். பூட்டு அண்ணன் பெட்டியைத் திறந்து சிப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, நாகரிகமாக நாலடி தள்ளி நின்று தூணைப் பார்ப்பது போல் பாவனை செய்தார். ஓரக்கண் அவள் கை மேலேயே இருந்தது. அவள் பெருவிரலால் கோடுகள் கூடும் இடத்தைத் தடவினாள். அப்புறம் மெல்லச் சிப்பியை வாய்க்குக் கொண்டு போனாள்.

பூட்டு அண்ணன் இரண்டே எட்டில் அங்கே நின்றார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் உதட்டில்தான் வைத்திருந்தாள். அப்படியே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "முழுங்கிடுவேன்னு பயந்துட்டீங்களா?"

"ஆமா" என்றார் அவர், பொய் சொல்லத் தெரியாமல்.

"நல்லது" என்றாள். சால்வை நுனியால் சிப்பியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "இப்படி ஒரு ஆள் பாத்துக்கறாருன்னு தெரிஞ்சா எனக்கும் வீட்ல தூக்கம் வரும்."